செத்த ரூட்டர்களும் சாகாத ரூட்டரும்

ஒரு பொருள் கெட்டுப்போவதைப் பற்றித் தங்கபுஷ்பம் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டாள். ஏன் கெட்டது என்று தெரியாவிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் செந்தில்வேல் இதைப் பார்த்து மிரண்டிருக்கிறார். சுவர்க் கடிகாரம் நின்றுபோய், அதைக் கழற்றிப் பாயில் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, பேட்டரிதான தீந்திருக்கு?" என்றார்.

"அது தெரியுது. போன பேட்டரி ஒரு வருசம் ஓடுச்சு. இது ஏன் நாலு மாசத்துல தீந்துச்சு?"

அதற்குப் பிறகு இந்த மாதிரி விஷயங்களில் அவர் தலையிடுவதில்லை.

அவள் பிறந்தது கீழப்பாவூர். படித்தது குற்றாலத்துப் பெண்கள் கல்லூரியில், விலங்கியல். தவளையை அறுத்துப் பார்க்கிற வகுப்பில் மற்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது, இவள் மட்டும் இன்னொரு தவளை கிடைக்குமா என்று கேட்டாளாம். உள்ளே இருப்பதை வெளியே நின்று யூகிக்கக் கூடாது, திறந்து பார்த்துவிட வேண்டும் என்கிற பிடிவாதம் அங்கேதான் ஊறியது. படிப்பு முடிந்ததும் செந்தில்வேலைக் கட்டிக்கொண்டு, ஐந்தருவிக்குப் போகிற சாலையில் அவர் குடும்பத்தார் நடத்திவந்த லாட்ஜுக்கு வந்து சேர்ந்தாள். கீழே வரவேற்பறையும் மூன்று அறைகளும்; மேலே இரண்டு மாடி. சாரல் விழ ஆரம்பித்தால் கூட்டம் பிதுங்கும். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிமார்கள். மற்ற மாதங்களில் ஈ ஓட்டலாம்.

அறை கேட்டு வருகிறவர்கள் முன்னெல்லாம் "வெந்நீர் வருமா?" என்று கேட்பார்கள். ஒரு கட்டத்தில் அது "வைஃபை இருக்கா?" என்று மாறியது. அப்போதுதான் ரூட்டர் என்கிற பெட்டி அவள் வாழ்க்கைக்குள் வந்தது. முதலில் வரவேற்பறைச் சுவரில் ஒன்று மாட்டினார்கள். அது மாடிக்கு எட்டவில்லை என்று மாடிக்கு ஒன்றாக இன்னும் இரண்டு.

கீழே மாட்டியது நன்றாக ஓடியது. மாடியில் இருந்தவைதான் படுத்த ஆரம்பித்தன. ஒன்று ஒரு சீசன் தாங்கும், அடுத்ததில் பொட்டென்று போய்விடும். இன்னொன்று சித்திரை வெயிலில் அணைந்து அணைந்து எரிந்து, வைகாசியில் ஓய்ந்துபோகும். புதிது மாட்டினால் அதற்கும் அதே கதி. கேபிள்காரப் பையன்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவன் இடி என்றான், ஒருவன் சரக்கே மட்டம் என்றான், ஒருவன் "குத்தால ஈரத்துக்கு எதுவும் நிக்காதுக்கா" என்றான். "அப்ப கீழ ஒண்ணு நிக்குதே, அது எந்த ஊர்ல இருக்கு?" என்று தங்கபுஷ்பம் கேட்டதற்கு அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

செத்த பெட்டிகளை அவள் எறியவில்லை. ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் போட்டு, போர்வை அலமாரிக்கு மேலே வைத்திருந்தாள். பை நிறைந்ததும் ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு கடையநல்லூருக்கு பஸ் ஏறினாள்.

கடையநல்லூரில் யஹ்யா என்று ஒருவர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வளைகுடாவில் டெலிபோன் கம்பெனி ஒன்றில் பல வருடம் கருவி பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவளைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருக்கலாம். பையைக் கவிழ்த்ததும் ஆறு பெட்டிகள் மேஜையில் உருண்டன.

"இம்புட்டையும் சரி பண்ணணுமாக்கா?"

"பண்ண வேண்டாம். ஒவ்வொண்ணும் எதுனால செத்துச்சுன்னு சொன்னாப் போதும்."

யஹ்யா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கடைப் பையனிடம் சொல்லி இரண்டு டீ வரவழைத்தார். அவருக்கும் இது பிடித்துப்போய்விட்டது என்பது அந்த டீயிலேயே அவளுக்குத் தெரிந்தது.

முதல் பெட்டியை அவர் திறக்கவே இல்லை. சுவரில் செருகுகிற அடாப்டரை மட்டும் எடுத்து மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஏழுதான் வந்தது. தன் கடையில் கிடந்த வேறொரு அடாப்டரைச் செருகினார். பச்சை விளக்குகள் வரிசையாக முழித்துக்கொண்டன.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. அதுக்குத்தான் சோறு போடல."

தங்கபுஷ்பம் அந்தப் பெட்டியை மட்டும் இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். உயிரோடு இருந்ததை ஒன்றரை வருடமாகப் பைக்குள் போட்டு வைத்திருக்கிறோமே! இரண்டாவதும் அதே கேஸ்தான். மூன்றாவதைத் திறந்தபோது உள்ளே எறும்புக் கூடு; முட்டையும் மண்ணுமாக மேஜையெல்லாம் கொட்டியது. நான்காவதில் கம்பி செருகுகிற இடத்தின் பித்தளைப் பற்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அது இரண்டாம் மாடியில், மலையைப் பார்த்த ஜன்னலுக்கு அடியில் இருந்தது. சாரல் நேராக முகத்தில் அடிக்கிற இடம். ஐந்தாவதில் ஒரு மூலை கருகிப்போயிருந்தது. "இது இடிதான். கரண்டு வழியா வரல, கேபிள் வழியா வந்திருக்கு, பாருங்க" என்றார்.

ஆறாவதில்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. பலகையில் குட்டிக் குட்டி டப்பாக்களாக நிற்கிற கெப்பாசிட்டர்களில் இரண்டின் தலை உப்பியிருந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மற்றவை தட்டையாக இருந்தன. இவை இரண்டும் சிறிய மேடு.

"இது சூட்டுல வெந்திருக்கு. எங்கன மாட்டியிருந்தீங்க?"

"மொத மாடியில. தகரப் பெட்டிக்குள்ள."

"காத்துக்கு ஓட்டை இருக்கா?"

ஓர் ஓட்டைகூட இல்லை. அந்தத் தகரப் பெட்டிக்கு ஒரு வரலாறு இருந்தது. முன்பு ஒரு சீசனில் பெரிய கடுவன் குரங்கு ஒன்று மாடி வராந்தாவுக்குள் வந்து, ரூட்டரின் ஆன்டெனாவைப் பிடுங்கி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கரும்பு மாதிரிக் கடித்தது. தங்கியிருந்தவர்கள் சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்தார்கள். மறுநாளே செந்தில்வேல் தென்காசிக்குப் போய்த் தகரம் வாங்கிவந்து, தன் கையாலேயே வெட்டி மடக்கி, பூட்டு வைத்த இரண்டு பெட்டிகள் செய்தார். ஒரு குரங்காலும் திறக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவார். லாட்ஜில் அவர் பெருமைப்பட்ட பொருள்களில் அது முக்கியமானது.

"பொதுவா ஒரு ரூட்டரு எத்தன வருசம் உழைக்கும்?" என்று கேட்டாள்.

"நாலஞ்சு வருசம்னு சொல்லுவாங்க. ஆனா பொதுவுல ஒரு ரூட்டரு எங்க இருக்கு? ஒவ்வொண்ணும் ஒரு சுவத்துலல்லா இருக்கு."

திரும்புகிற பஸ் முழுக்க, வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் உச்சி வெயிலில் அவரை முதல் மாடிக்குக் கூப்பிட்டாள். பெட்டியைத் திறந்து, "உள்ள கைய வையிங்க" என்றாள்.

வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா கெடந்துச்சு, இத்தன நாளும்?"

"குரங்கு தொடலல்லா. அதுல குறையில்ல" என்றாள் அவள். அவர் கீழே இறங்கிப் போனார். சாயங்காலம் பார்த்தால், தகரக் கத்தரியால் இரண்டு பெட்டியிலும் நான்கு பக்கமும் சதுரம் சதுரமாக வெட்டி, கோழிக்கூட்டுக் கம்பிவலையை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடிப் பெட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி உள்சுவருக்கு மாற்றினார்கள். அடாப்டர் மட்டும் செத்த இரண்டும் புது அடாப்டரோடு மறுபடி வேலைக்குத் திரும்பின.

கீழே இருந்த பழைய ரூட்டர் ஏன் சாகவில்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. அது பெட்டிக்குள் அடைபடாமல் வெறும் சுவரில் இருந்தது. வரவேற்பறைக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து, ஏறி இறங்காத இன்வெர்ட்டர் கரண்டில் ஓடியது. ஈரம் வராத மூலை. வெள்ளைப் பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகியிருந்ததே தவிர, பத்து வருடத்துக்கு மேல் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. "அந்தக் காலத்துச் சரக்கு, அதான்" என்று யாராவது சொன்னால் தங்கபுஷ்பம் ஒத்துக்கொள்ள மாட்டாள். "சரக்கு எல்லாம் ஒண்ணுதான். இருக்க இடம் நல்ல இடம்" என்பாள்.

அடுத்த சீசனில் மாடிப் பெட்டிகள் தாங்கின. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், லாட்ஜ் நிறைந்து வழிகிற நேரத்தில், கிறிஸ்டி என்ற பெண் லேப்டாப்பைத் திறந்தபடியே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கோயம்புத்தூரில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை. அப்பா அம்மாவை அருவிக்குக் கூட்டி வந்துவிட்டு, அவள் மட்டும் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க வைஃபைல ஏதோ சரியில்லைங்க."

"ஸ்பீடு கம்மியா இருக்கா?"

"ஸ்பீடெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. நான் பேங்க் வெப்சைட்டுக்குப் போனா, இது நம்பக் கூடாத இடம்னு எச்சரிக்கை வருது. போன் நெட்ல போனா ஒழுங்கா வருது. உங்க வைஃபைல மட்டும்தான் இப்படி."

தங்கபுஷ்பத்துக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் பேங்க் என்ற சொல் போதுமானதாக இருந்தது. எழுந்து போய்க் கீழ்ச்சுவர் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். மூன்று தளமும் அதன் வழியாகத்தான் ஓடுகிறது. மாடியிலிருந்து உடனே நான்கைந்து குரல்கள் கேட்டன. அவள் படியேறி ஒவ்வோர் அறையாகத் தட்டினாள். "யாரும் பேங்க் வேல எதுவும் பாத்தீங்களா? எச்சரிக்கை மாதிரி எதுவும் வந்துச்சா?" ஒரு குடும்பத்தில் மட்டும் கரண்டு பில் கட்ட முயன்றிருக்கிறார்கள், பக்கம் திறக்காததால் விட்டுவிட்டார்கள். அவர்களை உட்காரவைத்து, போன் நெட்டிலேயே கடவுச்சொல்லை மாற்றவைத்துவிட்டுத்தான் கீழே வந்தாள். சில பேர் முணுமுணுத்தார்கள். ஒருவர் அறையையே காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்.

போன் பண்ணியதும் யஹ்யா நேரிலேயே வந்தார். லேப்டாப்பை இணைத்து ரூட்டருக்குள் போய்ப் பார்த்தவர், ஓர் எண் வரிசையைச் சுட்டிக் காட்டினார்.

"நீங்க பேங்க் பேரு அடிச்சா, அது எங்கன இருக்குன்னு ரூட்டரு ஒருத்தர்கிட்ட வழி கேக்கும். யார்கிட்ட கேக்கணும்ங்கிறது இந்த நம்பர். இத எவனோ வெளியில இருந்து மாத்தி வச்சிருக்கான். இப்ப உங்க ரூட்டரு திருட்டுப் பயகிட்ட வழி கேக்குது."

"உள்ள வந்து மாத்துனானா? நாங்க இங்கனதான உக்காந்திருக்கோம்?"

"வர வேண்டாம்க்கா. எங்கயோ ஒரு ஊர்ல இருந்துக்கிட்டே பண்ணலாம்."

எல்லாவற்றையும் அழித்து, முதல் நாள் வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்து, புதுக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தார். அந்த எண்ணை எப்படிப் பார்ப்பது என்று தங்கபுஷ்பம் கேட்டுக்கொண்டாள். தினமும் காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்ததும் அதை ஒரு முறை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் சரியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் பார்த்தால், எண் மாறியிருந்தது.

அவள் போன் பண்ணினாள். "யஹ்யா, திரும்ப வந்துட்டான்."

"எதிர்பார்த்தேன்க்கா. அந்த மாடல்ல ஒரு ஓட்டை இருக்கு. கடவுச்சொல்லே இல்லாம அது வழியா நுழையலாம். ஓட்டைய அடைக்குற வேலைய கம்பெனிக்காரன் செஞ்சு அனுப்பணும். அவன் இந்த மாடலுக்கு அனுப்புறத நிப்பாட்டி எட்டு வருசம் ஆச்சு."

"எட்டு வருசமா? எங்ககிட்ட யாரும் சொல்லலியே!"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டான்."

வேறு மென்பொருள் ஏதாவது ஏற்ற முடியுமா என்று ஒரு முயற்சி பண்ணினார் யஹ்யா. பெட்டியின் நினைவகம் அதற்குப் போதவில்லை. இனி அதை இணையத்தில் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் வரவேற்பறை காலியாக இருந்தபோது தங்கபுஷ்பம் அதைக் கழற்றி மேஜையில் வைத்துத் திறந்தாள். செத்த ஆறைப் பார்த்த கண்ணால் இதைப் பார்த்தாள். பஞ்சு மாதிரித் தூசி. அதை ஊதிவிட்டால் பலகை புதிதாகப் பளபளத்தது. களிம்பு இல்லை, கருகல் இல்லை. கெப்பாசிட்டர்களின் தலையை ஒவ்வொன்றாகத் தடவினாள், எல்லாம் தட்டை. நோய் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இப்படி ஒன்றை அவள் கல்லூரியிலும் பார்த்ததில்லை.

செந்தில்வேல் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"பெறவு எதுக்குக் கழத்துன?"

அவள் யோசித்தாள். "நம்ம ரூம் பூட்டு ஒண்ணுக்கு ஊர்ப்பட்ட கள்ளச்சாவி இருக்குன்னு வையிங்க. பூட்டு நல்லாத் திறக்கும், நல்லா மூடும். துரு இல்ல. அந்த ரூம ஒருத்தருக்குக் குடுப்பீங்களா?"

மாட்டேன் என்று அவர் தலையை ஆட்டினார். "அப்ப அது எட்டு வருசத்துக்கு முன்னயே போயிருச்சு. நாமதான் வச்சு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மாதிரி விஷயத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை.

இருவருமாகத் தென்காசிக்குப் போனார்கள். பெரிய கடை. விஜய்பாண்டி என்கிற விற்பனையாளர் ஆன்டெனா ஆறு கொம்பாக நிற்கிற ரூட்டர் ஒன்றை எடுத்துப் போட்டு, அதன் வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தங்கபுஷ்பம் அவர் முடிக்கிற வரை காத்திருந்தாள்.

"இதுக்கு ஓட்டை அடைக்குற அப்டேட் எத்தன வருசம் வரும்?"

"மூணு வருசம் வாரண்டிக்கா."

"வாரண்டி பெட்டிக்கு. நான் கேக்குறது அப்டேட்டு."

விஜய்பாண்டி அட்டைப்பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த தாளைப் பிரித்துப் பார்த்தார். நல்ல மனிதர், தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசவில்லை. "இத யாரும் கேட்டதில்லக்கா" என்று சொல்லிவிட்டு மதுரையில் இருக்கிற ஏஜென்சிக்குப் போன் போட்டார். அங்கே இருந்தவர் வேறொருவரிடம் கொடுத்தார். அந்த வேறொருவர், "நெட் வேலை செய்யலையா மேடம்?" என்று கேட்டார். தங்கபுஷ்பம் முதலிலிருந்து விளக்கினாள். லைன் கட்டாகிவிட்டது.

கடைக்கு வெளியே நின்று கிறிஸ்டியைக் கூப்பிட்டாள். ஊருக்குப் போகும்போது அந்தப் பெண் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கிறிஸ்டி சிரித்தாள். "இந்தக் கேள்வியை நானே எங்க வீட்டு ரூட்டருக்குக் கேட்டதில்லைங்கக்கா. இருங்க, பாக்கறேன்."

அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தாள். சில கம்பெனிகள் எந்த மாடலுக்கு எது வரைக்கும் அப்டேட் உண்டு என்று தங்கள் இணையப் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டிருக்கிறார்கள். பல பேர் போடவே இல்லை. கடையில் இருந்த ஐந்து மாடல்களின் பெயரைத் தங்கபுஷ்பம் படிக்கப் படிக்க, அவள் அங்கே தேடித் தேடிச் சொன்னாள். ஆறு கொம்புக்காரனுக்கு ஒரு தகவலும் இல்லை. கடைசித் தட்டில் தூசி படிந்து கிடந்த, பார்க்கச் சுமாரான ஒன்றுக்கு மட்டும் இன்னும் ஆறு வருடத்துக்குத் தேதி போட்டிருந்தது. "எங்க வீட்டுதையும் பாத்தேங்க," என்றாள் கிறிஸ்டி, குரல் இறங்கி. "போன வருசத்தோட முடிஞ்சிருக்குது."

தங்கபுஷ்பம் தூசித் தட்டுக்காரனை வாங்கினாள். மாடியில் இருந்த இரண்டையும் அதே மாதிரி விசாரித்ததில், ஒன்றுக்கு ஆயுள் இருந்தது. அடாப்டர் போட்டு எழுப்பிய இன்னொன்றை இறக்கிவிட வேண்டியதாயிற்று. அதற்குத்தான் அவள் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

இது பக்கத்து லாட்ஜ்களுக்கும் பரவியது. செத்த பெட்டி ஏதாவது இருந்தால் தங்கபுஷ்பத்திடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பாதிக்கு மேல் அடாப்டர்தான். மீட்டர் ஒன்று சொந்தமாக வாங்கிவிட்டாள். யஹ்யாவும் அவளும் போனில் பேச ஆரம்பித்தால், டீ ஆறிப்போகும் என்று செந்தில்வேல் சொல்வார்.

சென்ற ஆவணியில், பழைய குற்றாலம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கிற முத்துராமலிங்கம் அண்ணாச்சி ஒரு ரூட்டரைக் கொண்டுவந்தார். வாங்கி எட்டு மாதம். நல்ல காற்றோட்டமான சுவர், இன்வெர்ட்டர் கரண்டு, ஈரம் கிடையாது. அடாப்டர் பன்னிரண்டு கொடுக்கிறது. திறந்து பார்த்தால் கெப்பாசிட்டர் தலையெல்லாம் தட்டை. ஆனால் ஒரு விளக்கும் எரியவில்லை. கடையநல்லூருக்கு அனுப்பினாள், யஹ்யா இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "தெரியலக்கா. சிப்புக்குள்ள ஏதோ. சிலது அப்படித்தான் போகும்" என்றார்.

"அப்படித்தான்னா எப்படி?" என்றாள் தங்கபுஷ்பம்.

அண்ணாச்சி அதைத் திரும்பக் கேட்கவில்லை. அது இப்போது அவள் வரவேற்பறை மேஜையில், மூடி கழன்ற நிலையில் கிடக்கிறது. அறைச் சாவியை வாங்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்கிறாள்.